சாத்திய கதவும் திறந்த கதவும்

ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு டொராண்டோப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் சன்ரூம் கட்டியவர்களில் பெரும்பாலோர் வெப்பக் கணக்கு எதுவும் போட்டதில்லை. போட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அலுமினியச் சட்டம், ஒற்றைக் கண்ணாடி, தூண்கள் மேல் பலகைத் தரை, அவ்வளவுதான் அறை. வசந்தத்தில் திறப்பார்கள். குளிர் இறங்கியதும் வீட்டுக்கும் சன்ரூமுக்கும் நடுவிலுள்ள கதவைச் சாத்திவிடுவார்கள். அடுத்த சில மாதங்களுக்கு அது தோட்டச் சாமான் போட்டுவைக்கும் இடம்.

இன்று அந்தக் கதவையே காணோம். நடுச்சுவரை இடித்து, சமையலறையோடு சேர்த்து, சாப்பாட்டு மேசையைக் கொண்டுபோய்ப் போட்டாயிற்று. பன்னிரண்டு மாதமும் உட்கார வேண்டும், பிப்ரவரியிலும் 21 டிகிரி இருக்க வேண்டும். அனுமதிக்கு விண்ணப்பித்தால் வெப்ப இழப்புக் கணக்கைக் காட்டச் சொல்கிறார்கள். கனடாவில் அதற்கென்றே சி.எஸ்.ஏ. எஃப்-280 என்ற தரநிலை இருக்கிறது. ஊருக்கு ஊர் எந்தக் குளிரை வைத்துக் கணக்கிட வேண்டும் என்பதும் வரையறுக்கப்பட்டிருக்கிறது: டொராண்டோவுக்கு மைனஸ் 18, ஒட்டாவாவுக்கு மைனஸ் 25, வினிபெக்குக்கு மைனஸ் 33.

அன்று யாராவது கணக்குப் பார்த்தார்கள் என்றால் அது தரையை அளந்து போட்ட குத்துமதிப்பு. சதுர அடிக்கு மணிக்கு இத்தனை பி.டி.யு. வெப்பம் என்று ஒரு எண், பெருக்கினால் முடிந்தது. 4 மீட்டருக்கு 3 மீட்டர் அறை ஏறக்குறைய 130 சதுர அடி. அடிக்கு 50 என்று வைத்தால் 6,500 பி.டி.யு., அதாவது சுமார் 1,900 வாட். சாதாரண அறைக்கு இது பொருந்தலாம். கண்ணாடி அறையில் வெப்பம் வெளியேறும் பெரிய வழி தரை அல்ல, கண்ணாடி. அதை இந்தக் கணக்கு எண்ணவே இல்லை.

இன்றைய கணக்கும் பெருக்கல்தான். ஆனால் ஒவ்வொரு பரப்புக்கும் தனித்தனி. பரப்பளவு, அந்தப் பொருள் வெப்பத்தைக் கடத்தும் அளவான யு மதிப்பு, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு, மூன்றையும் பெருக்க வேண்டும். அதே அறையில் 20 சதுர மீட்டர் கண்ணாடி என்று கொள்வோம். உள்ளே 21, வெளியே மைனஸ் 18; வேறுபாடு 39 டிகிரி. ஒற்றைக் கண்ணாடியின் யு மதிப்பு ஏறக்குறைய 5.8. பெருக்கினால் 4,500 வாட். சாதாரண இரட்டைக் கண்ணாடி (2.8) என்றால் 2,200. லோ-இ பூச்சும் ஆர்கான் வாயுவும் உள்ள இரட்டைக் கண்ணாடி (1.6) என்றால் 1,250. நல்ல மூன்றடுக்குக் கண்ணாடி (1.0) என்றால் 780.

கண்ணாடியோடு கணக்கு முடியாது. அடியில் காற்று ஓடும் வெறும் பலகைத் தரை, மெல்லிய கூரை, காற்று ஒழுகும் இடுக்குகள் எல்லாம் சேர்ந்தால் பழைய அறையின் இழப்பு 6,000 வாட்டைத் தாண்டும். கடையில் கிடைக்கும் 1,500 வாட் ஹீட்டர் நான்குகூடப் போதாது; ஒரே சர்க்யூட்டில் இரண்டைச் செருகினாலே பிரேக்கர் விழும். மூன்றடுக்குக் கண்ணாடியும், நன்றாக வெப்பக் காப்பிட்ட தரையும் கூரையும், அடைத்த இடுக்குகளும் இருந்தால் அதே அறைக்கு ஏறக்குறைய 1,100 வாட் போதும். ஒரே ஹீட்டரில் அடங்கிவிடும்.

கண்ணாடியில் வந்த இந்த மாற்றத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது 1973இன் எண்ணெய் நெருக்கடி. அதன்பின் பெர்க்லி ஆய்வுக்கூடம் உள்ளிட்ட இடங்களில் ஜன்னல் ஆராய்ச்சி சூடுபிடித்தது. அறையின் வெப்பத்தை அறைக்கே திருப்பியனுப்பும் லோ-இ பூச்சு 1980களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தது. வெயிலைப் பிடித்து வீட்டைச் சூடாக்கலாம் என்று பலர் கண்ணாடியைப் பெருக்கிய காலமும் அதுதான். ரெஜைனாவில் 1977இல் கட்டிய சஸ்காட்சுவன் சேமிப்பு வீடு வேறு பாதையைக் காட்டியது: தடித்த காப்பு, காற்றுப் புகாத கட்டுமானம், ஜன்னலுக்கு இரவில் மூடும் கதவு.

கண்ணாடிக்குக் கண்ணாடி உள்ள வேறுபாட்டைக் கையாலேயே தொட்டுப் பார்க்கலாம். அந்த மைனஸ் 18 இரவில் ஒற்றைக் கண்ணாடியின் உட்புறம் மைனஸ் 7க்குப் போய்விடும். பூப்பூவாக உறைபனி படியும். சாதாரண இரட்டைக் கண்ணாடியில் 7 டிகிரி, லோ-இ கண்ணாடியில் 13. அறையில் 40 சதவீத ஈரப்பதம் இருந்தால் 7 டிகிரிப் பரப்பில் நீர் முத்துமுத்தாகக் கோக்கத் தொடங்கும். ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கத் தமிழ் வீடுகளில் குளிருக்குப் பயந்து உள்ளே வரும் கறிவேப்பிலைத் தொட்டிகளுக்குச் சன்ரூம்தான் புகலிடம். தொட்டி கூடக் கூட ஈரமும் கூடும். கண்ணாடியின் ஓரத்தில் வழிந்து சட்டத்தில் தேங்கும்.

இன்றைய கணக்கிலும் சறுக்கும் இடங்கள் உண்டு. விற்பனையாளர் கண்ணாடியின் நடுப்பகுதிக்கான யு மதிப்பைச் சொல்வார். சட்டத்தையும் சேர்த்த முழு ஜன்னலின் மதிப்பு பெரும்பாலும் அதைவிட மோசமாக இருக்கும். வீட்டின் ஃபர்னஸிலிருந்து ஒரு குழாயை இழுத்துவிட்டால் போதும் என்பார்கள். பகல் வெயிலில் சன்ரூம் வெந்துபோகும், இரவில் விறைக்கும். கூடத்தில் இருக்கும் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டுமே தெரியாது. தனி ஹீட் பம்ப் நல்ல வழி. ஆனால் குளிர் கூடும்போது அதன் திறன் குறையும். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை விட்டுவிட்டு, மைனஸ் 18இல் எத்தனை வாட் தரும் என்று கேட்க வேண்டும். வெயிலை நம்பியும் கணக்கைக் குறைக்கக் கூடாது. ஹீட்டரின் அளவைத் தீர்மானிப்பது சூரியன் வருமுன் உள்ள கடுங்குளிர் நேரம்.

கட்டப்போகிறவர்கள் கண்ணாடிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். பின்னால் ஹீட்டரை மாற்றுவது சுலபம். கண்ணாடியையும் தரையையும் மாற்றுவது அப்படியல்ல. கணக்கு கைக்கு அடங்கவில்லை என்றால் நடுக்கதவை எடுக்காதீர்கள். கடுங்குளிரில் சாத்திவைப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.