பழைய ஜீப்பும் அதன் விலையும்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது நம் முன்னோர் வாக்கு. தேவிகுளம் மலையில் வாழும் நம்மவர் இதைக் கேட்டால் யானையோடு ஜீப்பையும் சேர்த்தே நினைப்பார்கள். சூரியநெல்லியிலும் பூப்பாறையிலும் மூணாற்றிலும் இருபது வயது கடந்த ஜீப்புகள் இன்றும் வரிசையாக நிற்பதைக் காணலாம். வர்ணம் மங்கி, படுதா கிழிந்து, கதவு கயிற்றால் கட்டப்பட்டிருக்கும். ஆயினும் அதன் விலையை விசாரித்தால், சமவெளியிலிருந்து வந்தவர் திகைத்து நிற்பார். பத்து ஆண்டு இளைய காருக்குக் கிடைக்காத விலை, இந்த முதிய வண்டிக்கு எப்படிக் கிடைக்கிறது?

இது வேடிக்கைக் கேள்வியன்று. தேயிலைத் தோட்டத்தில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பணிக்கொடை ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாள் கூலி என்பது சட்டத்தின் கணக்கு. முப்பது ஆண்டுக்கு 450 நாள் கூலி கைக்கு வரும். அதனுடன் வைப்புநிதியும் சேரும். வேலை முடிந்தால் லயத்து வீட்டையும் ஒருநாள் காலி செய்யவேண்டும். அந்தத் தொகை ஊரில் நிலமாகுமா, வீடாகுமா, அல்லது மகன் ஓட்டிப் பிழைக்க ஒரு ஜீப்பாகுமா? இக்கேள்வி எழாத குடும்பம் நம்மிடையே குறைவு. ஆகவே பழைய வண்டியின் விலை எவ்வாறு ஏறுகிறது, எவ்வாறு இறங்குகிறது என்பதை நாம் அறிந்துகொள்ளல் நலம்.

இறங்கும் விலை

பொதுவாக மோட்டார் வண்டி வாங்கிய நாளிலிருந்தே விலை இறங்கத் தொடங்கும். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கைக்கொள்ளும் அட்டவணை இதைத் தெளிவாகக் காட்டும். முதல் ஆறு மாதத்தில் நூற்றுக்கு 5, ஓராண்டுக்குள் 15, இரண்டாம் ஆண்டில் 20, மூன்றாம் ஆண்டில் 30, நான்காம் ஆண்டில் 40, ஐந்தாம் ஆண்டில் 50 என மதிப்பு கழிக்கப்படும். பத்து லட்சம் மதிப்புள்ள வண்டி ஐந்தாம் ஆண்டில் ஐந்து லட்சமாகிவிடுகிறது. அதற்கு மேற்பட்ட வயதுடைய வண்டிக்கு அட்டவணை கிடையாது. கம்பெனியும் உடையவரும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான்.

கோடிக்கணக்கில் விலைபெறும் பந்தய வகைக் கார்களுக்கும் பெரும்பாலும் இதுவே விதி. வாங்குவோர் சிலர், பராமரிப்புச் செலவோ மிகுதி. ஆகவே அவற்றின் விலை இன்னும் வேகமாகச் சரிவதுண்டு.

ஏறும் விலை

விதிக்கு விலக்கும் உண்டு. இத்தாலி நாட்டு ஃபெராரி கம்பெனி 1962 முதல் 1964 வரை 250 ஜி.டி.ஓ. என்னும் பந்தயக் காரை வெறும் 36 மட்டுமே கட்டியது. அந்நாளில் அதன் விலை அமெரிக்காவில் 18,000 டாலர் அளவில் இருந்தது. இடையில் சில காலம், பழைய பந்தய வண்டிதானே என்று சில ஆயிரம் டாலருக்கே கைமாறியதும் உண்டு. ஆனால் 2018 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் நடந்த ஏலத்தில், அவற்றுள் ஒன்று 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போயிற்று. எண்ணிக்கை சிறிது, பந்தய வரலாறு பெரிது, ஆவணமோ பழுதற்றது. இம்மூன்றுமே விலையை ஏற்றின.

அவ்வளவு தூரம் போவானேன்? நமக்கு அண்மையிலுள்ள குருவாயூரிலேயே சான்று உண்டு. 2021 டிசம்பரில் மகிந்திரா கம்பெனி புதிய தார் வண்டி ஒன்றைக் குருவாயூரப்பனுக்குக் காணிக்கையாக அளித்தது. அம்மாதமே நடந்த ஏலத்தில் ஒருவர் மட்டுமே கேட்க, அது 15 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய்க்கு முடிந்தது. அந்த ஏலத்தைப் பற்றி எதிர்ப்பு எழுந்து, 2022 ஜூனில் மறு ஏலம் நடந்தது. அப்போது அதே வண்டி 43 லட்சத்திற்குப் போயிற்று. இரும்பும் இயந்திரமும் மாறவில்லை. கேட்பவர் எண்ணிக்கைதான் மாறியது. வண்டியின் விலை வண்டியில் மட்டும் இல்லை, அதை விரும்புவோர் மனத்திலும் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

மலையின் கணக்கு

இனி நம் ஜீப்பிற்கு வருவோம். இம்மலையில் ஒருகாலத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் ஓடியது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அதை அழித்துச் சென்றபின் ரயில் இங்கே திரும்பவில்லை, சாலையே கதியாயிற்று. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் பிறந்த ஜீப், போருக்குப் பின் மகிந்திரா கம்பெனியின் முயற்சியால் பம்பாயில் உருவாகத் தொடங்கியது. கற்பாதையிலும் சேற்றிலும் ஏறவல்ல அந்த வண்டி, மலைத்தோட்டத்திற்கென்றே படைக்கப்பட்டதுபோல் அமைந்துவிட்டது.

கொழுக்குமலை தமிழ்நாட்டு எல்லைக்குள் இருப்பினும், அங்கே போகும் மோட்டார் வழி கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான் செல்கிறது. அந்தப் பாதையில் ஜீப்பைத் தவிர வேறு வண்டி ஏறாது. போடியிலிருந்து போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களைக் கொண்டுவருவதும் ஜீப்தான். மேஜர், கமாண்டர் போன்ற பழைய வகைகளின் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. புதிதாக வருவதற்கில்லை, தேவையோ குறையவில்லை, உள்ளூர்ப் பட்டறைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு பழுது பார்க்கும் எளிய இயந்திரம். விலை நிற்பதன் இரகசியம் இதுவே.

ஆயினும் அந்த விலை மலையின் காலநிலையோடு சேர்ந்து ஆடும். பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கும் குறிஞ்சியை நம்பி 2018இல் வண்டி வாங்கியவர்களின் கதி என்ன ஆயிற்று? அவ்வாண்டு ஆகஸ்ட் வெள்ளத்தில் மூணாறு துண்டிக்கப்பட்டது. 2019, 2020 ஆண்டுகளில் கேப் ரோட்டில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, உல்லாசப் பயணிகளே இல்லாமற் போயினர். சவாரி இல்லாத காலத்தில் விற்பவர் பலர், வாங்குபவர் சிலர். தவணை கட்ட முடியாமல் அவசரத்தில் விற்றவர் நஷ்டப்பட்டார். ஆகவே சீசன் உச்சத்தில் வாங்காதிருப்பதும், மழைக்காலத்தில் விற்காதிருப்பதும் விவேகம்.

அரசின் பங்கு

வரியும் கட்டணமும் பழைய வண்டியின் விலையை அசைப்பவை. பதினைந்து ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 மார்ச் வரை 600 ரூபாய் போதுமாயிருந்தது. 2022 ஏப்ரல் முதல் அது 5,000 ஆயிற்று. இருபது ஆண்டு கடந்த வண்டிக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக உயர்ந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை ஆகாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். மேலும் 2025 செப்டம்பர் 22 முதல் சிறு கார்கள் மீதான சரக்கு-சேவை வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. புதியதன் விலை இறங்கும்போது பழையதன் விலையும் உடன் இறங்கும் என்பதை விற்பவர் சொல்லமாட்டார். வாங்குபவரே நினைவிற் கொள்ளவேண்டும்.

வெள்ளைப் பலகை வண்டியை வாங்கிச் சவாரி ஓட்டலாம் என்று எண்ணுவது பெருந்தவறு. வாடகைக்கு ஓட்ட மஞ்சள் பலகையும் பெர்மிட்டும் தகுதிச் சான்றும் வேண்டும். எட்டு ஆண்டு கடந்த வாடகை வண்டிக்கு அச்சான்றை ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். பெர்மிட் இல்லாமல் பயணிகளை ஏற்றி விபத்து நேர்ந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி கை விரிக்கும். வாழ்நாள் சேமிப்பு முழுவதும் நஷ்டஈட்டுக்கே போகும்.

பெயர் மாற்றம் மறவாதீர்

நம்மவர் மிகுதியாக ஏமாறும் இடம் இதுதான். எல்லை நம் வீட்டு வாசலில் இருக்கிறது. தேனிப் பதிவு வண்டி தேவிகுளத்திலும், தேவிகுளத்துப் பதிவு வண்டி போடியிலும் நம்பிக்கையின் பேரில் கைமாறுகின்றன. பணம் கொடுத்தாயிற்று, சாவி வாங்கியாயிற்று, ஆர்.சி. புத்தகம் மட்டும் பழைய பெயரிலேயே கிடக்கும். 2018 பிப்ரவரி 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம், வண்டியை விற்றுவிட்டாலும் பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாளி என்று தீர்ப்பளித்தது. எப்போதோ விற்ற ஜீப் எங்கோ ஒருவரை மோதினால், ஓய்வுபெற்ற முதியவரின் வீட்டுக் கதவைத் தட்டும் சம்மன்!

ஆகவே விற்பவர் 29ஆம் எண் படிவத்தையும், இருவரும் சேர்ந்து 30ஆம் எண் படிவத்தையும் கையொப்பமிட்டு அளிக்கவேண்டும். ஒரே மாநிலத்திற்குள் விற்பவர் 14 நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். வாங்குபவருக்கு 30 நாள் தவணை. மாநிலம் மாறுமானால் 28ஆம் எண் படிவத்தில் ஆட்சேபணையின்மைச் சான்று பெறுதல் அவசியம். கடன் தீர்ந்த வண்டிக்கு 35ஆம் எண் படிவத்தால் கடன் குறிப்பை நீக்கவேண்டும். வேற்று மாநிலப் பதிவோடு பன்னிரண்டு மாதத்திற்கு மேல் வைத்திருந்தால் புதுப் பதிவு எண் பெறவேண்டும்.

வண்டியைப் பார்க்கும்போது வர்ணத்தைப் பாராதீர்; குனிந்து அடிச்சட்டத்தைப் பாருங்கள். மலையின் மூடுபனியும் மழையும் முதலில் தின்பது அதைத்தான். சேசிஸ் எண்ணும் இஞ்சின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். உருவத்தையே மாற்றிக் கட்டிய வண்டியை வாங்காதீர்கள்; தயாரிப்பாளர் தந்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்று, கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

கோடி ரூபாய்ப் பந்தயக் கார் செல்வரின் பொழுதுபோக்கு. அதன் விலை சரிந்தால் அவருக்கு ஒரு காலைப்பொழுது கசக்கும், அவ்வளவே. நம் வீட்டு ஜீப்பின் விலையோ, ஒரு தாய் முப்பது ஆண்டு கொழுந்து பறித்த கைகளின் விலை. அதைக் கொடுக்குமுன் ஒருமுறைக்கு இருமுறை எண்ணுவோம். கொடுத்தபின் பெயர் மாற்றாமல் உறங்காதிருப்போம்.