விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விடாதீர்கள்!

பெயர், பிறந்த தேதி, மதிப்பெண், சாதிச் சான்றிதழ் எண்... மளமளவென்று கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டு வரும் பிள்ளை, ஓர் இடத்தில் நின்றுவிடும். 'பாடம் சாராத செயல்பாடுகள்' என்று அங்கே கேட்டிருக்கும்.

"இதுல என்னப்பா எழுத?"

"நீ பாட்டு கிளாஸுக்குப் போனியா, செஸ் கிளாஸுக்குப் போனியா? இல்லைன்னு போட்டுரு தாயி."

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய பேச்சு இது. ஆனால், அந்த 'இல்லை' உண்மையா? காலையில் குழாயடியில் நின்று குடிதண்ணீர் பிடித்து வைப்பவள் அவள். தம்பியைக் குளிப்பாட்டிப் பள்ளிக்குக் கிளப்புவதும் அவள்தான். சாயங்காலம் ஆடுகளைப் பட்டியில் அடைக்க வேண்டும். சனி, ஞாயிறு என்றால் அம்மாவோடு உளுந்தங்காட்டில் களையெடுப்பு. ராத்திரி தெருப் பிள்ளைகள் நாலு பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். இத்தனையும் செய்கிற பெண், 'நான் எதுவும் செய்யவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறாள்!

இடைசெவல் சொல்லும் பாடம்

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில் இருக்கிறது இடைசெவல். 1923 செப்டம்பர் மாதத்தில் இந்தச் சின்ன ஊரில் இரண்டு எழுத்தாளர்கள் பிறந்தார்கள். ஒருவர் கி.ராஜநாராயணன், இன்னொருவர் கு.அழகிரிசாமி. இருவரின் நூல்களுக்கும் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது.

கி.ரா பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். விவசாயம் பார்த்தவர். காட்டு வேலைக்கு நடுவே கேட்ட கதைகள், கிழவிகள் சொன்ன சொலவடைகள், சம்சாரிகளின் பேச்சு எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்டுச் சேர்த்தார். கரிசல் மக்களின் சொற்களுக்கென்றே ஓர் அகராதி தொகுத்தார். 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991-ம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி விருது வந்தது. மாணவராகக் கல்லூரி வாசலை மிதிக்காத அவரை, புதுவைப் பல்கலைக்கழகம் நாட்டுப்புறவியல் கற்பிக்கப் பேராசிரியராகவே அழைத்துக்கொண்டது. அவரிடம் காட்டுவதற்குப் பட்டம் இல்லை. சேர்த்து வைத்த வேலை இருந்தது.

அதற்காகப் படிப்பை விட்டுவிடலாம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. வகுப்புக்கு வெளியே ஒரு பிள்ளை செய்வதற்கும் மதிப்பு உண்டு என்பதற்குத்தான் கி.ரா சாட்சி.

எங்கே செல்லும், எங்கே செல்லாது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் பொதுப்பிரிவுத் தரவரிசை, பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டுமே வைத்துப் போடப்படுகிறது. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக மொத்தம் 200. பேச்சுப்போட்டிக் கோப்பை பத்து வைத்திருந்தாலும் இதில் அரை மதிப்பெண்கூட ஏறாது.

விளையாட்டின் கதை வேறு. அதே கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடங்கள் தனியே உண்டு. அரசு கலை அறிவியல் கல்லூரிகளிலும் விளையாட்டு, என்.சி.சி. ஆகியவற்றுக்குச் சிறப்புப் பிரிவு இருக்கிறது. ஹாக்கி மட்டை பிடித்து வளரும் கோவில்பட்டிப் பிள்ளைகள் இதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 2022 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய ஹாக்கி அணியில் இருந்த மாரீஸ்வரன் சக்திவேல் இந்த ஊர்க்காரர்தான். அதே அணியில் ஆடிய கார்த்தி செல்வம், அரியலூரிலிருந்து வந்து கோவில்பட்டியில் பயிற்சி பெற்றவர். ஆனால், எந்த மட்டத்துப் போட்டி, சான்றிதழ் எந்தப் படிவத்தில் வேண்டும் என்பதற்கெல்லாம் விதி உண்டு. அந்தந்த ஆண்டின் கையேட்டைப் படித்துவிட்டுப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்னை ஐ.ஐ.டி. 2024-25 முதல் விளையாட்டில் சாதித்தவர்களுக்கு ஒவ்வோர் இளநிலைப் படிப்பிலும் 2 கூடுதல் இடங்களை ஒதுக்கியது. அதில் ஒன்று பெண்களுக்கு. அடுத்த ஆண்டு கலைத்துறையில் சாதித்தவர்களுக்கும் இதேபோல வழி திறந்தது. இரண்டுக்குமே ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் தேறியிருக்க வேண்டும்.

நாம் பேசும் அந்தக் கட்டம் உண்மையிலேயே எடை பெறுவது, கட்டுரையும் நேர்காணலும் வைத்து மாணவரைத் தேர்ந்தெடுக்கும் சில தனியார் பல்கலைக்கழகங்களிலும் வெளிநாட்டுக் கல்லூரிகளிலும்தான். அமெரிக்காவில் 1,000-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஏற்கும் 'காமன் ஆப்' பொது விண்ணப்பத்தில் 10 செயல்பாடுகள் வரை எழுதலாம். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 ஆங்கில எழுத்துகள்தான் இடம். செயல்பாட்டின் வகையைத் தேர்வு செய்யும் பட்டியலில் இசை, நாடகம், விளையாட்டு ஆகியவற்றோடு 'குடும்பப் பொறுப்பு' என்று ஒரு வகை இருக்கிறது. 'சம்பள வேலை' என்று இன்னொன்றும் இருக்கிறது. தம்பியைப் பார்த்துக்கொள்வதும் செயல்பாடுதான் என்று அந்த விண்ணப்பமே ஒப்புக்கொள்கிறது. நாம்தான் அதை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறோம்.

எப்படி எழுதுவது?

*மணிக்கணக்கைச் சொல்லுங்கள்.* 'டியூஷன் எடுத்தேன்' என்று எழுதினால் கடந்து போய்விடுவார்கள். 'தெருவில் 4 பிள்ளைகளுக்குக் கணக்கு. வாரம் 5 மணி நேரம், ஆண்டுக்கு 40 வாரம்' என்று எழுதினால் 200 மணி நேர உழைப்பு கண்ணுக்குத் தெரியும்.

*என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.* 'ஆடு வளர்ப்பு' என்பதைவிட, '6 ஆடுகளைப் பராமரிக்கிறேன். தடுப்பூசித் தேதி, வரவு செலவை நோட்டில் எழுதி வருகிறேன்' என்பது பேசும்.

*முக்கியமானதை முதலில் வையுங்கள்.* ஒருநாள் ஓட்டப்பந்தயச் சான்றிதழைவிட மூன்று ஆண்டுகள் விடாமல் செய்த வேலை பெரிது. பத்து வரிகளையும் நிரப்பியே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. நாலு உண்மையான வரி போதும்.

*ஊர்க் கலையை ஒதுக்காதீர்கள்.* கோயில் கொடையில் ஒயிலாட்டம், தேவராட்டம் ஆடியிருந்தால் எழுதுங்கள். யாரிடம் கற்றீர்கள், எத்தனை ஆண்டுகள், எத்தனை பேர் குழு என்பதையும் சேருங்கள். படிப்பவருக்கு அது என்ன ஆட்டம் என்று தெரிந்திருக்காது. ஒரு வரியில் விளக்கிவிடுங்கள்.

*பரிதாபம் தேடாதீர்கள்.* 'வறுமையால் காட்டு வேலைக்குப் போனேன்' என்று கண்ணீர் வரவழைக்க வேண்டியதில்லை. என்ன வேலை, எவ்வளவு நேரம், என்ன கற்றுக்கொண்டேன் என்று நேராகச் சொன்னாலே போதும்.

விலைக்கு வாங்கிய சான்றிதழ் வேண்டாம்

பணம் கட்டினால் சான்றிதழ் தருகிறோம் என்று வரும் விளம்பரங்களைப் பார்த்துப் பெற்றோர் மயங்கிவிடுகிறார்கள். நேர்காணலில் இரண்டு கேள்வி கேட்டாலே சாயம் வெளுத்துவிடும். செய்யாததைச் செய்ததாக எழுதியது தெரியவந்தால், கிடைத்த இடமே பறிபோகலாம். நம் காட்டில் எந்த மாதம் விதைப்பு, மழை தவறினால் என்ன செய்வோம் என்று கேட்டால், அந்தக் கரிசல் வீட்டுப் பிள்ளை தடுமாறாமல் அரைமணி நேரம் பேசும். அது யாரும் விலைக்கு விற்க முடியாத தகுதி.

இப்போது பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். வாரம் ஒருமுறை, பாடம் தவிர என்ன செய்தோம், எவ்வளவு நேரம் செய்தோம் என்று இரண்டே வரி எழுதி வரட்டும். பள்ளிக் கலைத் திருவிழா, விளையாட்டு விழாச் சான்றிதழ்களையும் அதே நோட்டோடு ஒரு கவரில் போட்டு வையுங்கள். விண்ணப்பம் போடும் மாதத்தில் ஞாபகத்தைத் துழாவ வேண்டியிருக்காது.

பிளஸ் டூ பிள்ளை என்றால் இன்று ராத்திரியே சாப்பிட்டு முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, "காலையில எந்திரிச்சதுல இருந்து நீ என்னென்ன செய்யுத, சொல்லு தாயி" என்று கேளுங்கள். அவள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். அந்தக் கட்டம் நிரம்புகிறதோ இல்லையோ, தன் பிள்ளை ஒரு நாளில் எவ்வளவு சுமக்கிறாள் என்பது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியவரும்.