மூச்சில் கரையும் எடை, போனில் வரும் துணை

ஒருவர் உடம்பிலிருந்து பத்து கிலோ கொழுப்பு குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்து கிலோ எங்கே போனது? வியர்வையாக வழிந்துவிட்டது என்பார்கள் சிலர். சூடாகி மறைந்துவிட்டது என்பார்கள் சிலர். தசையாக மாறிவிட்டது என்று நம்புகிறவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் இருவரும் 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இந்தக் கணக்கை அணு அணுவாகப் போட்டுக் காட்டினார்கள். பத்து கிலோவில் 8.4 கிலோ கரியமில வாயுவாகி மூச்சு வழியே வெளியேறுகிறது. மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது. அவ்வளவும் எரிந்து முடிய நுரையீரல் 29 கிலோ ஆக்சிஜனை உள்ளே இழுத்தாக வேண்டும். மெலிந்தவர்கள் எல்லோரும் தங்கள் கொழுப்பின் பெரும்பங்கை மூச்சாக விட்டுத்தான் மெலிந்திருக்கிறார்கள்.

இந்த வேலை நாம் சமைக்கும்போதும் தூங்கும்போதும் நடந்துகொண்டே இருக்கிறது. மருத்துவமனையில் நாம் இருப்பது மாதத்துக்குப் பத்து நிமிடம். மற்ற நேரமெல்லாம் வீட்டில்தான். எடையைக் கூட்டுவதும் குறைப்பதும் அடுப்படியில் நடக்கிறது என்றால், அதற்கான உதவியும் அடுப்படி வரைக்கும் வர வேண்டும். தொலைவிலிருந்து போன் வழியாகத் தரும் எடைக் குறைப்பு உதவியின் அடிப்படை இவ்வளவுதான்.

காவிரிப் படுகையில் இது ஏன் அவசரமான விஷயம் என்று பார்ப்போம். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பகுதிகளில் மதியச் சாப்பாடு என்றால் குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை சோறு போட்டுக்கொள்வது வழக்கம். நூறு கிராம் அரிசியில் ஏறக்குறைய 350 கலோரி இருக்கிறது. நடவு, களை, கதிர் அறுப்பு, போரடிப்பு என்று நாள் முழுவதும் சேற்றிலும் களத்திலும் நின்ற உடம்புக்கு அந்தச் சோறு போதாமல்கூட இருந்தது. இன்று அறுவடை இயந்திரம் வயலுக்குள் இறங்கிச் சில மணி நேரத்தில் வேலையை முடித்துவிடுகிறது. நடவுக்கும் இயந்திரம் வந்துவிட்டது. பல இடங்களில் நடவே இல்லாமல் நேரடியாக விதைக்கிறார்கள். முதுகு ஒடிய நட்ட அந்தக் கஷ்டம் யாருக்கும் திரும்ப வர வேண்டாம். ஆனால் உழைப்பு குறைந்த அளவுக்குத் தட்டில் சோறு குறையவில்லை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் 40.4 சதவீதம் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. அதற்கு முந்தைய ஆய்வில் இது 30.9 சதவீதமாக இருந்தது. ஆண்களும் 28.2-இலிருந்து 37 சதவீதத்துக்கு வந்துவிட்டார்கள். 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் (INDIAB) ஆய்வின்படி மாநிலத்தின் பெரியவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 14.4 சதவீதம்.

இனி, கையில் இருக்கும் கருவிகளுக்கு வருவோம். செல்போன் நம் நடையை எப்படி எண்ணுகிறது? அதற்குள் ஒரு சில்லு இருக்கிறது. அந்தச் சில்லுக்குள் மிக நுண்ணிய சிலிக்கான் துண்டு ஒன்று, முடியைவிட மெல்லிய கம்பிச் சுருள்களில் ஊஞ்சல் போலத் தொங்குகிறது. நாம் அடி எடுத்து வைக்கும்போது அது இம்மி அசைகிறது. பக்கத்தில் உள்ள தகடுகளுக்கும் அதற்கும் இடைவெளி மாற, மின்தேக்கும் அளவும் மாறுகிறது. நொடிக்கு ஒன்று முதல் மூன்று முறை வரை சீராக வரும் குலுக்கலை மட்டும் பிரித்தெடுத்து, இது நடை என்று நிரல் முடிவு செய்கிறது. பாக்கெட்டில் கிடக்கும் பொருளுக்குள் இவ்வளவு நுட்பமா என்று எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கும்.

ஆனால் போனை வரப்பில் வைத்துவிட்டுக் குனிந்து களை எடுக்கும் பெண்ணின் உழைப்பில் ஒரு அடிகூட அதில் பதியாது. அம்மி அரைப்பதும் வாசல் பெருக்குவதும் அதன் கணக்கில் வருவதே இல்லை. பல வீடுகளில் போன் மகன் கையிலோ கணவர் கையிலோ இருக்கிறது. ஆகவே, அது காட்டும் எண்ணை வைத்து ஒரு பெண்ணைச் சோம்பேறி என்று யாரும் சொல்லிவிட முடியாது.

கொழுப்பு எத்தனை சதவீதம் என்று காட்டும் எடைக் கருவி ஒன்று இப்போது கடைகளில் கிடைக்கிறது. அதன்மேல் வெறுங்காலோடு ஏறி நின்றால், நம்மால் உணரவே முடியாத சிறு மின்னோட்டத்தை ஒரு பாதத்தில் செலுத்தி மறு பாதத்தில் வாங்குகிறது. தசையில் தண்ணீர் அதிகம் என்பதால் மின்சாரம் அதில் எளிதாக ஓடும். கொழுப்பு அதைத் தடுக்கும். அந்தத் தடையை அளந்து, வயது, உயரம் எல்லாம் சேர்த்து ஒரு மதிப்பீடு தருகிறது. மதிப்பீடு என்பதை மறக்கக் கூடாது. ஒரு சொம்பு நீராகாரம் குடித்துவிட்டு ஏறினால் எண் மாறிவிடும். தினமும் காலையில் எழுந்து, கழிவறை போய் வந்து, எதுவும் சாப்பிடாமல் ஏறுவதுதான் சரி.

அப்படி ஏறினாலும் எடை நாளுக்கு நாள் ஏறி இறங்கும். ஈரலும் தசைகளும் சோற்றிலிருந்து வரும் சர்க்கரையைக் கிளைகோஜன் என்ற வடிவில் ஏறக்குறைய அரைக் கிலோ வரை சேமித்து வைக்கின்றன. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரையும் கூடவே பிடித்துவைக்கிறது. சோற்றைச் சட்டென்று குறைத்தால் முதல் வாரம் கிளைகோஜன் கரைந்து, தண்ணீரும் வெளியேறி, எடை மளமளவென்று இறங்கும். சந்தோஷமாக இருக்கும். அடுத்த வாரம் அந்த வேகம் நின்றுவிடும். இடையில் ஒரு கல்யாணச் சாப்பாடு, அப்பளம், ஊறுகாய் என்று உப்பும் சோறும் கூடினால் மறுநாள் காலை ஒரு கிலோ ஏறியிருக்கும். பலர் கைவிடுவது அந்த இடத்தில்தான்.

அந்தக் காலையில் போன் அடித்து, “அக்கா, நேத்து கும்பகோணத்துல விருந்தா? இது தண்ணி எடைதான், பயப்படாதீங்க. ரெண்டு மூணு நாள்ல இறங்கிடும். இன்னைக்கு ரசத்தோட நிறுத்திக்குங்க” என்று ஒருவர் சொன்னால் கதை வேறு. கருவி எண்ணைத் தரும். அதற்குப் பொருள் சொல்லி, மனம் தளராமல் அடுத்த வேளைக்கு நகர்த்துவது மனிதர் வேலை.

இது வெறும் நம்பிக்கையா? 2011-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 415 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து இரண்டு ஆண்டுகள் பார்த்த முடிவு வெளியானது. தாங்களாகவே முயன்றவர்கள் சராசரியாக 0.8 கிலோ குறைந்தார்கள். நேரிலும் சந்தித்து ஆலோசனை பெற்றவர்கள் 5.1 கிலோ. ஆலோசகரை ஒரு முறைகூட நேரில் பார்க்காமல் போன், இணையதளம், மின்னஞ்சல் மூலம் மட்டுமே துணை பெற்றவர்கள் 4.6 கிலோ. பின்னிரண்டுக்கும் இடையே உள்ள அரைக் கிலோ புள்ளியியல் கணக்கில் ஒரு வித்தியாசமே இல்லை. பேருந்து பிடித்துப் போய்க் காத்திருந்ததால் கிடைத்த பலனில் பெரும்பகுதி, வீட்டிலேயே உட்கார்ந்து பேசியதிலும் கிடைத்துவிட்டது.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு ஆய்வையும் வைத்துப் பார்க்க வேண்டும். பிட்ஸ்பர்க்கில் 471 இளைஞர்களிடம் நடந்து, 2016-இல் வெளியானது. இரு பிரிவினருக்கும் உணவு அறிவுரை, போன் ஆலோசனை எல்லாம் உண்டு. ஒரு பிரிவுக்கு மட்டும் அசைவை அளக்கும் பட்டையைக் கூடுதலாகக் கையில் கட்டிவிட்டார்கள். இரண்டு ஆண்டு முடிவில் பட்டை கட்டியவர்கள் 3.5 கிலோ குறைந்தார்கள், கட்டாதவர்கள் 5.9 கிலோ. விலை உயர்ந்த கைக்கடிகாரம் வாங்கக் கடன் எடுக்க நினைக்கும் யாரும் இந்த இரண்டு எண்களை ஒரு முறை பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

நம் மண்ணிலும் ஆதாரம் இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 537 ஆண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பாதிப்பேருக்கு உணவு, நடை பற்றிய குறுஞ்செய்திகளைத் தொடர்ந்து அனுப்பினார்கள். சாதாரண போனிலும் படிக்கக்கூடிய செய்திகள்தான். இரண்டு ஆண்டுகளில், செய்தி வராதவர்களில் 27 சதவீதத்தினருக்கு நோய் வந்தது. செய்தி வந்தவர்களில் 18 சதவீதம். 2013-இல் லான்செட் குழும இதழில் வெளியான முடிவு இது. அதற்கும் முன்பே, மருத்துவர் வி. மோகன் குழுவினர் சூணாம்பேடு பகுதியின் 42 கிராமங்களுக்கு இஸ்ரோவின் செயற்கைக்கோள் இணைப்போடு சர்க்கரை நோய்ப் பரிசோதனைக்காக ஒரு வேனை அனுப்பினார்கள். விழித்திரைப் படங்கள் கிராமத்திலிருந்து சென்னைக்குப் பறந்தன. கிராமத்திலேயே சிகிச்சை கிடைத்ததால் ஒரு வருடத்தில் நோயாளிகளின் சர்க்கரைச் சராசரி நன்றாக இறங்கியது. மேல்சிகிச்சைக்குச் சென்னை வர வேண்டியிருந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை.

தஞ்சாவூர் மாவட்டத்துக்கும் இதில் ஒரு முன்கதை உண்டு. ஐசிடிபிஹெச் என்ற பொதுச் சுகாதார ஆய்வு மையத்தின் துணையோடு ‘சுகவாழ்வு’ அமைப்பு ஆலக்குடி முதலிய ஊர்களில் சிறு சுகாதார மையங்களை நடத்தியது. உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம் பார்த்து, ஆபத்தில் இருப்பவர்களை முன்கூட்டியே கண்டுபிடித்தார்கள். விவரங்கள் கணினியில் ஏறின. கருவியும் ஆளும் சேர்ந்து வாசற்படிக்கு வந்த அந்த முறை, இன்றைக்கும் பின்பற்றத் தகுந்தது.

தஞ்சாவூர்ப் புதுக்கோட்டை சாலையில் இன்னொரு அற்புதம் இருக்கிறது. நெல் பதப்படுத்தும் ஆய்வு மையமாகத் தொடங்கி இன்று நிஃப்டெம் என்ற பெயரில் இயங்கும் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில், செயற்கை இரைப்பையையும் சிறுகுடலையும் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கி, ஓர் உணவு எவ்வளவு வேகத்தில் சர்க்கரையை விடுவிக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். அரிசிக்கு அரிசி, வேகவைக்கும் முறைக்கு முறை அந்த வேகம் மாறும். இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் தீர்த்துவிடலாம். ‘நெல்’ ஜெயராமன் போன்றவர்கள் காப்பாற்றித் தந்த மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் பெரிய செல்வங்கள். தவிடு நீக்காமல் சாப்பிட்டால் நார்ச்சத்து கூடும், சர்க்கரை மெதுவாக ஏறும், வயிறு நிறைந்த உணர்வு நீடிக்கும். ஆனால் கலோரி கிட்டத்தட்ட வெள்ளை அரிசிக்குச் சமம்தான். பாரம்பரிய அரிசி என்பதற்காக மூன்று முறை போட்டுக்கொண்டால் எடை குறையாது.

தொலைவிலிருந்து வழிகாட்டுபவருக்கு இந்தத் தட்டு தெரிந்திருக்க வேண்டும். ஓட்ஸ் சாப்பிடு, சாலட் சாப்பிடு என்று எங்கிருந்தோ வரும் பட்டியல் ஒரு வாரம் தாங்காது. தட்டைப் படம் பிடித்தால் கலோரி சொல்லும் செயலிகளுக்குச் சோற்றுக் குவியலின் ஆழமும் குழம்பில் ஊற்றிய எண்ணெயும் தெரியாது. அதைவிட எளிய வழி, உலை வைக்கும் முன்பே அளப்பது. எத்தனை ஆழாக்கு அரிசி, எத்தனை பேருக்கு என்று தினமும் ஒரு செய்தி அனுப்பினால் போதும். முதலில் கூட்டு, பொரியல், பருப்பு, பிறகு சோறு. மூன்று முறையை இரண்டாக்குவது. தெருவில் அரை மணி நேர நடை. எழுபது கிலோ உள்ளவர் ஐந்து கிலோ குறைந்தாலே உடம்புக்குள் பெரிய மாற்றம் நடக்கும். நம்மவர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

ஒரே மாதத்தில் பத்து கிலோ என்று விளம்பரம் செய்கிறவர்களை நம்ப வேண்டாம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. பத்து கிலோவை முப்பது நாளில் கரைக்க வேண்டுமானால் தினமும் 2,500 கலோரிக்கு மேல் குறைய வேண்டும். பலருக்கு ஒரு நாளின் மொத்தத் தேவையே அவ்வளவு இருக்காது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். மருத்துவரிடம் கேட்டு மருந்தளவை மாற்றிய பிறகே தொடங்க வேண்டும். கர்ப்பிணிகள் இதில் இறங்கவே கூடாது.

மருத்துவர் போனில் ஆலோசனை தருவதற்கான தேசிய வழிகாட்டி நெறிகள் 2020 மார்ச்சில் வந்துவிட்டன. இசஞ்சீவனி என்ற அரசுச் சேவை மூலம் வீட்டிலிருந்தே மருத்துவரிடம் பேசலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் மருந்தோடு வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். ஊர்க்காரர் என்பதால் நம் சமையலும் அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்கு எடைக் குறைப்பில் பயிற்சி கொடுத்து, வாரம் ஒரு அழைப்பு என்ற வேலையையும் அதற்குரிய தனி ஊதியத்தையும் சேர்த்துக் கொடுத்தால், பால்டிமோரில் நடந்தது பாபநாசத்திலும் நடக்கும். சுகாதாரத் துறை இதைக் காவிரிப் படுகையிலேயே முதலில் தொடங்க வேண்டும்.