சளிக் காய்ச்சலுக்கு நாமே வாங்கும் மாத்திரை



குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் நம்மூரிலும் வீட்டுக்கு ஒருவர் சளி, இருமல், காய்ச்சல் என்று படுப்பது வழக்கம். உடனே பிள்ளையை மெடிக்கலுக்கு அனுப்பி, "போன தடவை கொடுத்த மாத்திரையில் நாலு கொடுங்க" என்று வாங்கிவிடுகிறோம். பல நேரம் அது ஆன்டிபயாட்டிக்.

ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாக் கிருமிகளைத்தான் கொல்லும். சாதாரணச் சளி வைரஸால் வருவது. அது சில நாளில் தானே குறையும். மாத்திரையால் குறைந்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இதற்கிடையில் நம் உடம்பில் உள்ள பாக்டீரியாக்களில் மருந்துக்குத் தாங்காதவை செத்து, தாங்குபவை பெருகுகின்றன. தாங்கும் தன்மையை மற்றக் கிருமிகளுக்கும் கொடுக்கின்றன. கை வழியாகவும் தண்ணீர் வழியாகவும் பிறருக்குப் பரவுகின்றன. பிறகு ஒருவருக்குச் சர்க்கரைப் புண்ணோ, பிரசவத்துக்குப் பின் கிருமித் தொற்றோ வந்தால் மருந்து கேட்பதில்லை.

இது எங்கோ நடப்பதல்ல. கார்பபெனெம் போன்ற வலுவான ஆஸ்பத்திரி மருந்துகளையே செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 மரபணு கொண்ட கிருமிகள் சென்னையிலும் ஹரியானாவிலும் இங்கிலாந்திலும் பரவியிருப்பதை 2010-இல் ஓர் ஆய்வு காட்டியது. 2012 ஆகஸ்டில் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடிச் செயல்திட்டம் வகுத்தன. 'சென்னை பிரகடனம்' எனப்படும் அதை ஒருங்கிணைத்தவர் சென்னையின் தொற்றுநோய் மருத்துவர் டாக்டர் அப்துல் கஃபூர்.

2014 மார்ச் 1 முதல் ஹெச்-1 பட்டியல் நடைமுறைக்கு வந்தது. அதில் செஃபிக்சிம் உள்ளிட்ட 46 மருந்துகள் இடம்பெற்றன. இவற்றை டாக்டர் சீட்டின்றி விற்கக் கூடாது. நோயாளி பெயர், டாக்டர் பெயர், கொடுத்த அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆகவே அவர் "சீட்டு கொண்டு வாங்க" என்றால் சண்டை போட வேண்டாம். அவர் சட்டப்படி நடக்கிறார்.

நாம் செய்ய வேண்டியவை:

• அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சொல்லாமல் சாப்பிட வேண்டாம்.
• டாக்டர் எழுதிய மாத்திரையை, உடம்பு தேறியதென்று நாமாக நடுவில் நிறுத்த வேண்டாம்.
• மீந்ததை எடுத்துவைக்கவோ பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவோ வேண்டாம்.
• "இது ஆன்டிபயாட்டிக்கா? அவசியம்தானா?" என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.
• மூச்சுத் திணறல், விடாத காய்ச்சல், கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

உலகில் 2019-இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். இம்மருந்துகள் நம் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் வேண்டும். அமானிதமாக நினைத்துப் பேணுவோம்.