மலை ஏரியில் ஒரு நாள்

அமெரிக்காவில் கலிபோர்னியா, நெவாடா மாநிலங்களின் எல்லையில், சியரா நெவாடா மலைத்தொடரின் நடுவே தாஹோ என்னும் பெரிய ஏரி உள்ளது. அது கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,897 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கிறது. அதன் நீளம் 35 கிலோமீட்டர். அகலம் 19 கிலோமீட்டர். மிகுந்த ஆழம் 501 மீட்டர்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலை, தம் சிறு படகில் இந்த ஏரியைச் சுற்றிவர நண்பர் ஒருவர் உங்களை அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெயில் சுள்ளென்று அடிக்கிறது. நீர் அசையாமல் கிடக்கிறது. படகின் ஓரத்தில் குனிந்து பார்த்தால் அடியில் கிடக்கும் பாறைகள் கூடத் தெரிகின்றன. இவ்வளவு அமைதியான இடத்தில் ஆபத்து என்ன இருக்க முடியும் என்று கேட்பீர்கள். மலை ஏரியின் நீரும் காற்றும் எப்படி இயங்குகின்றன என்பதை அறிந்தால் விடை கிடைக்கும்.

கோடையிலும் குளிர் ஏன்?

ஒரு கிலோகிராம் பாறையை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்தைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு வெப்பம், ஒரு கிலோகிராம் நீரை அதே அளவு சூடாக்கத் தேவைப்படுகிறது. ஆகவே கரையிலுள்ள பாறை காலையிலேயே சுடத் தொடங்கினாலும், ஏரி நீர் மெல்ல மெல்லத்தான் சூடேறும். அப்படிச் சூடேறிய நீரும் எடை குறைந்ததாகையால் மேலே ஓர் அடுக்காக மிதக்கிறது. ஆழத்தில் உள்ள நீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 5 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இருக்கிறது. கோடையின் தொடக்கத்தில் மேற்பரப்பு நீர்கூட 15 டிகிரிக்குக் கீழே இருப்பதுண்டு.

இதே இயல்புதான் குளிர்காலத்தில் தலைகீழாக வேலை செய்கிறது. மேற்பரப்பு நீர் குளிர்ந்தால் அடர்த்தி கூடிக் கீழே இறங்கும். அதன் இடத்திற்குச் சற்று வெப்பமான நீர் வரும். இத்தனை ஆழமான நீர்த்திரள் முழுவதும் குளிர்ந்து முடிவதற்குள் குளிர்காலமே முடிந்துவிடுகிறது. அதனால், சுற்றிலும் பனி மூடிக் கிடந்தாலும் தாஹோ ஏரி முழுவதும் உறைவதில்லை.

பிற்பகல் காற்று

காலை அமைதியைக் கண்டு நாள் முழுவதும் அப்படியே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. வெயில் ஏற ஏற மலைச் சரிவுகள் சூடாகின்றன. அவற்றைத் தொட்டு நிற்கும் காற்று விரிந்து மேலே எழுகிறது. அப்போது, உயரத்தில் வேகமாக வீசிக்கொண்டிருக்கும் மேலைக் காற்று கீழே கலந்து ஏரிப்பரப்பை எட்டுகிறது. மேலெழும் காற்றில் ஈரம் இருந்தால் இடிமேகங்களும் திரளும்.

அலையின் உயரத்தை முடிவு செய்பவை மூன்று: காற்றின் வேகம், அது வீசும் நேரம், அது தடையின்றி நீர்மேல் ஓடும் தொலைவு. தாஹோவில் இந்தத் தொலைவுக்குப் பஞ்சமில்லை. 2025 ஜூன் 21 அன்று அந்த ஏரியில் திடீரென எழுந்த புயலில் அலைகள் 2 மீட்டருக்கு மேல் உயர்ந்தன. 10 பேர் சென்ற படகு ஒன்று கவிழ்ந்து 8 பேர் உயிரிழந்தனர்.

முதல் நிமிடம்

குளிர்நீரில் விழுபவர் உடல் விறைத்துத்தான் இறப்பார் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பெரிய ஆபத்து முதல் நிமிடத்திலேயே காத்திருக்கிறது. குளிர் தோலைத் தாக்கியதும் நம் விருப்பமின்றியே மூச்சு பலமாக உள்ளிழுக்கப்படுகிறது. அந்தக் கணத்தில் தலை நீருக்குள் இருந்தால் நுரையீரலில் நீர் புகும். பிறகு மூச்சு அடங்காமல் இரைக்கிறது. இதயமும் வேகமாகத் துடிக்கிறது.

அதைக் கடந்தாலும் கைகால்களுக்குச் செல்லும் குருதி குறைந்து, தசைகள் விரைவில் வலுவிழக்கின்றன. மிகக் குளிர்ந்த நீரில், சிறந்த நீச்சல்காரருக்குக்கூடச் சுமார் பத்து நிமிடத்தில் கை சொன்னபடி கேட்காது. அதற்கும் நெடுநேரம் கழித்தே உடலின் உள்வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைகிறது. ஆகவே, "எனக்கு நீந்தத் தெரியும்" என்பது இங்கே காப்பு ஆகாது. லைஃப் ஜாக்கெட் எனப்படும் மிதவைச் சட்டைதான் முதல் நிமிடத்தில் தலையை நீருக்கு மேல் நிறுத்துகிறது. அதைப் படகின் மூலையில் வைத்திருந்து பயனில்லை. நீரில் தத்தளிக்கும்போது அணிவது மிகக் கடினம்.

செய்ய வேண்டியவை

கரையை விட்டுக் கிளம்புமுன் வானிலை அறிவிப்பைக் கேளுங்கள். மிதவைச் சட்டையை அணிந்து, வாரை இறுகக் கட்டுங்கள். படகில் எழுந்து நிற்காதீர்கள். நின்றால் புவியீர்ப்பு மையம் உயர்ந்து, சிறிய அசைவுக்கும் படகு சாயும். கரையை ஒட்டியே செல்லுங்கள். காற்று வலுக்குமுன் திரும்பிவிடுங்கள். படகு கவிழ்ந்தால் கரை அருகில் தெரிகிறதே என்று நீந்தப் புறப்படாமல், மிதக்கும் படகைப் பற்றிக்கொள்ளுங்கள். இயன்ற அளவு உடலை நீருக்கு மேலே ஏற்றிக்கொள்ளுங்கள். நீர் காற்றைவிடப் பன்மடங்கு விரைவாக உடல் வெப்பத்தைப் பறித்துவிடும்.

வெயிலைப் பார்த்து நாம் உடை உடுத்துகிறோம். மலை ஏரிக்குப் போகும்போது மட்டும் நீரின் குளிரை எண்ணி உடுத்த வேண்டும். நண்பர் எவ்வளவு கைதேர்ந்த படகோட்டியானாலும் இந்த விதி மாறாது.