சங்கிலி இல்லாத வண்டியின் பின்சக்கரம்

மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றுவது என்றதும் கரிபடிந்த கைகளும் தொங்கும் சங்கிலியுமே நம் நினைவுக்கு வருகின்றன. சங்கிலிக்குப் பதிலாகச் சுழல்தண்டினால் ஓடும் வண்டியில் இவ்வேலை இன்னும் கடினம் என்று அஞ்சுவோர் பலர். உண்மை அதற்கு நேர்மாறானது.

ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1923-ல் வெளியிட்ட தன் ஆர் 32 வண்டியிலேயே சுழல்தண்டைக் கையாண்டது. அந்நிறுவனம் 1969 முதல் 1973 வரை செய்த ஆர் 60/5, ஆர் 75/5 வண்டிகளை இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தண்டு வலப்புறத்துக் குழாயினுள் ஓடிப் பின்னுள்ள பற்சக்கரப் பெட்டியை அடைகிறது. அப்பெட்டியின் புறத்தே உள்ள பற்கள் சக்கரக் குடத்தின் உட்பற்களில் செருகி நிற்கின்றன. அவ்வளவே இணைப்பு. இப்பற்களுக்கு 'வரிப்பல்' என்று நாம் பெயர் சூட்டிப் பார்த்தோம். மொழிபெயர்ப்பாளரின் வழக்கம் போகாதன்றோ! பட்டறையில் எவருக்கும் அது விளங்கவில்லை. ஆகவே ஸ்ப்ளைன் என்றே சொல்வோம்.

வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைக்கவேண்டும். பிரேக் கம்பியின் திருகை இளக்கிவிட்டால் பிரேக் கட்டைகள் உருளையைப் பற்றாமல் விலகும். வலப்புறத்து அச்சுமரையைக் கழற்றி, இடப்புறத்தில் அச்சைக் கவ்வியிருக்கும் திருகாணியைத் தளர்த்துக. பின்னர் அச்சின் இடமுனையில் உள்ள துளையில் ஒரு கம்பியைச் செருகித் திருகியவாறே வெளியே இழுக்கலாம். சுத்தியலுக்கு இங்கே வேலை இல்லை. கழன்று வரும் வளையங்களை, வந்த வரிசையிலேயே ஒரு துணியின்மேல் வைத்தல் நன்று. இனிச் சக்கரத்தை இடப்புறமாக இழுத்தால் ஸ்ப்ளைனை விட்டு அது விலகும். டயர் மட்கார்டில் தட்டினால் காற்றைச் சிறிது இறக்கிவிடுக; பஞ்சரான சக்கரத்துக்கு அத்தொல்லையும் இல்லை.

பலரும் பிழை செய்வது இதற்குப் பிறகுதான். தில்லியில் நம் நண்பர் ஒருவரின் பழைய வண்டியில் ஒவ்வொரு முறையும் சக்கரத்தை உலர்ந்த பற்களோடே மாட்டி அனுப்பியிருந்தனர். அம்பாலாவைத் தாண்டிய ஓர் இரவில் எஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை. திறந்து பார்த்தால், ஸ்ப்ளைன் பற்கள் கத்திமுனைபோல் தேய்ந்து மழுங்கியிருந்தன. சக்கரம் கழன்ற போதெல்லாம் பற்களின் துருவைத் துடைத்து, மாலிப்டினம் கலந்த கிரீஸை மெல்லப் பூசியிருந்தால் இந்நிலை வந்திராது. மெல்லத்தான் பூசவேண்டும். மிகுந்துபோனால் சுழற்சியில் சிதறிப் பக்கத்திலேயே இருக்கும் பிரேக் கட்டைகளை நனைத்துவிடும். மலைச்சாலை இறக்கத்தில் அதன் விளைவைச் சொல்லவேண்டியதில்லை.

மாட்டும்போது, சக்கரத்தை மெதுவாகச் சுழற்றினால் பற்கள் தாமே பொருந்தும். அச்சை இடப்புறமிருந்து செலுத்தி, முதலில் வலப்புற மரையை முடுக்குக. கவ்வும் திருகாணியை அதன் பின்னரே இறுக்குக. முறை மாறினால் அச்சு நடுவில் சிக்கி, மரை அதனை முழுதும் இழுத்து நிறுத்த இயலாது. சங்கிலி வண்டியில் இதற்குமேல் சக்கரத்தை நேர்படுத்தும் வேலை காத்திருக்கும். இங்கே அது இல்லை. பிரேக் திருகைப் பழைய அளவுக்குத் திருப்பி, சக்கரத்தைக் கையால் சுழற்றி, மிதியை ஒருமுறை அழுத்திப் பார்த்தபின் வண்டியைத் தாங்கியிலிருந்து இறக்கலாம்.