மூன்று கடல்களுக்கு ஒரே வைப்பு

கனடாவின் ராக்கி மலைத்தொடரில், ஆல்பர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா ஆகிய மாகாணங்களின் எல்லையில் ‘ஸ்னோ டோம்’ என்னும் சிகரம் உள்ளது. சுமார் 3,450 மீட்டர் உயரமுள்ள இது, பெயருக்கேற்பப் பனி மூடிய குவிமாடமாகவே காட்சியளிக்கிறது. கொலம்பியா பனிவெளியைச் சேர்ந்த இச்சிகரத்தில் உருகும் நீர் மூன்றாகப் பிரிகிறது. மேற்கே இறங்கும் நீர் கொலம்பியா ஆற்றின் வழியாகப் பசிபிக் பெருங்கடலில் கலக்கிறது. வடக்கே செல்வது அத்தபாஸ்கா, மெக்கன்சி ஆறுகளின் வழியாக ஆர்க்டிக்கை அடைகிறது. கிழக்கே செல்வது வடக்கு சஸ்காட்சுவான் ஆற்றில் சேர்ந்து, ஹட்சன் விரிகுடாவுக்குப் போகிறது. அவ்விரிகுடாவை அட்லாண்டிக்கின் அங்கமாகக் கொள்வோர், மூன்று பெருங்கடல்களுக்கும் நீர் வழங்கும் சிகரம் என்று இதனைக் குறிப்பிடுகின்றனர்.

பனியாறுகளை ஆராய்வோர் கையாளும் முறை, வரவு செலவு பார்த்துப் பழகிய நமக்குப் புதிதன்று. குளிர்காலத்தில் பொழியும் பனி வரவு. கோடையில் உருகி ஓடுவது செலவு. ஆண்டுதோறும் இரண்டையும் ஒப்பிட்டு இருப்பைக் கணிக்கின்றனர். பல்லாண்டுகளாகச் சேர்ந்து, தன் பாரத்தாலேயே அழுந்திக் கட்டியான பனியே இங்கு முதல். கோடையின் பிற்பகுதியில், சரிவுகளில் கிடந்த அவ்வாண்டுப் பனி தீர்ந்துபோகும். அப்போது ஆறுகள் வற்றாமல் காப்பது இச்சேமிப்புதான். எட்மண்டன் நகரம் குடிநீர் எடுப்பதும் வடக்கு சஸ்காட்சுவான் ஆற்றிலிருந்தே.

வெப்பம் மிகும்போது என்ன நிகழ்கிறது? முதலில் ஆற்றில் நீர் கூடுகிறது. கரையில் நிற்பவருக்கு வளம் பெருகிவிட்டதாகத் தோன்றும். கணக்கைப் பார்ப்பவருக்கோ முதல் கரைவது புலப்படும். பனியின் பரப்பு ஓர் அளவுக்குக் கீழே சுருங்கியபின், வெப்பம் எவ்வளவு ஏறினாலும் நீர் கூடாது. வரத்து ஆண்டுக்காண்டு குறையத் தொடங்கும்.

இது வெறும் கணிப்பன்று. இப்பனிவெளியிலிருந்து இறங்கும் அத்தபாஸ்கா பனியாறு, ஏறத்தாழ 125 ஆண்டுகளில் 1.5 கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கியுள்ளது. எந்த ஆண்டில் பனி எதுவரை இருந்தது என்பதைக் காட்டும் பலகைகள் வழியெங்கும் நடப்பட்டுள்ளன. இன்று அங்கு நடப்பவர், ஒரு காலத்தில் பனி கிடந்த கற்குவியல்களைக் கடந்தே பனியாற்றின் முகப்பை அடைகிறார்.

கணக்கிலிருந்து கைக்கு வரும் தொகை கூடுவதை மட்டும் கண்டு நாம் மகிழ்வதற்கில்லை. அது வட்டியிலிருந்து வந்ததா, முதலிலிருந்து வந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்னோ டோமின் ஆறுகளுக்கும் இதுவே கேள்வி.